ஒரே உடம்பு, மூன்று தலை: லொம்பார் வெட்டிய குதிரை வீரன் படத்தில் கோடு காட்டிக்கொடுக்கிறதா?

கரிக்கோல் எழுதியது:

பரோக் காலத்துச் (ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டு வாக்கில்) செப்புத்தகட்டுப் படங்களை, அதாவது செம்புத் தகட்டில் கோடு வெட்டி, மை பூசித் தாளில் அச்சிட்ட படங்களை, பேனாவில் பார்த்து வரைந்து பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போது எடுத்திருப்பது பியர் லொம்பார் என்ற பிரெஞ்சுக்காரர் 1655 வாக்கில் லண்டனில் வெட்டிய குதிரை வீரன் படம். ஓவியர் வான் டைக் 1633ல் வரைந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் ஓவியத்தை ஒட்டியது. உடம்பெல்லாம் கவசம், கையில் தளபதிக் கோல், பக்கத்தில் தலைக்கவசத்தை ஏந்தி நிற்கும் ஒரு பணியாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இந்த ஒரே தகட்டில் தலையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு வேறு தலை வெட்டி வெட்டி விற்றிருக்கிறார்கள். ஒரு பிரதியில் சார்லஸை எதிர்த்துப் போரிட்டு ஜெயித்த ஆலிவர் கிராம்வெல், இன்னொன்றில் பிரான்சின் பதினான்காம் லூயி, இன்னொன்றில் கிராம்வெல் தரப்பு தலையை வெட்டிய அதே சார்லஸ். கழுத்துக்கு மேல் எதுவுமே இல்லாமல் வெறும் தாளாக விட்ட பிரதியும் இருக்கிறது.

சந்தேகம் இரண்டு. படத்தைச் சின்னதாக வைத்துப் பார்த்தால் மூன்று தலையில் எதுவும் உறுத்தவில்லை, அந்த உடம்போடு பிறந்த மாதிரியே உட்கார்ந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் முகம் தனியாகவும் உடம்பு தனியாகவும் தெரிகிறது. இதற்குக் காரணம் கோடா, கம்போசிஷனா (படத்தில் உருவங்களை அடுக்கிய அமைப்பா)? இரண்டாவது என் சொந்தக் கஷ்டம். நான் வரையும் கவசம் இரும்பாக வரவே மாட்டேன் என்கிறது. நிழல் எல்லாம் சரியாகப் போட்டும் கனத்த துணி உடுத்திய ஆளாகத்தான் நிற்கிறான்.

செம்புத்தகடு எழுதியது:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது புரிந்தால் முதலாவது பாதி தானாக அவிழ்ந்துவிடும்.

நீங்கள் பேனாவில் வரைகிறீர்கள், அவர்கள் ப்யூரினில் வெட்டினார்கள். ப்யூரின் என்பது ஒரு சின்ன எஃகுக் கம்பி, நுனியைச் சரிவாகத் தீட்டி, பின்பக்கம் உள்ளங்கையில் பதிகிற மாதிரி ஒரு மரப்பிடி போட்டிருப்பார்கள். பேனாவை இழுக்கிறோம், ப்யூரினை முன்னால் தள்ளவேண்டும். வளைகோடு வேண்டுமென்றால் கையை வளைப்பதில்லை, மணல் அடைத்த தோல் மெத்தைமேல் தகடு இருக்கும், இடது கையால் அந்தத் தகட்டைத் திருப்புவார்கள். அதனால்தான் அந்த வளைவுகளில் நடுக்கமே இருக்காது. கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் பள்ளம் ஆழமாகவும் அகலமாகவும் விழும், மை அதிகம் நிற்கும், தாளில் கோடு தடித்து வரும். மெல்ல மேலே தூக்கினால் மயிரிழையாகி மறைந்துபோகும். ஆக ஒரே கோட்டுக்குள்ளேயே வெளிச்சமும் இருட்டும் இருக்கிறது. நெதர்லாந்தின் ஹார்லெம் ஊரில் கோல்ட்சியஸ் என்ற தகடு வெட்டுபவர் 1580களில் இதை எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார், பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அவரிடம் கடன்பட்டவர்கள். இன்னும் சுத்தமாகப் பார்க்க வேண்டுமானால் க்ளோத் மெல்லான் என்ற பிரெஞ்சுக்காரர் 1649ல் வெட்டிய கிறிஸ்துவின் முகத்தைப் பாருங்கள். மூக்கு நுனியில் தொடங்குகிற ஒரே கோடு சுற்றிச் சுற்றி வெளியே விரிகிறது, முழு முகமும் அவ்வளவுதான். குறுக்குக் கோடு ஒன்றுகூடக் கிடையாது.

சரி, கவசம். நிழல் எல்லாம் சரியாகப் போட்டேன் என்கிறீர்களே, சிக்கல் அதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். துணியில் வெளிச்சம் படிப்படியாக இறங்கி நிழலுக்குப் போகும், மெருகேற்றிய எஃகில் அப்படி இறங்காது. மார்புக் கவசத்தின் புடைப்பில் ஒரு வெள்ளைப் பட்டை, அங்கே மை இல்லை, வெறும் தாள். அதற்கு ஒட்டினாற்போலவே படத்திலேயே மிகக் கறுப்பான இடம், இரண்டு மூன்று அடுக்குக் குறுக்குக் கோடு. நடுவில் சாம்பல் நிறத்துக்கு இடமே கொடுக்கமாட்டார்கள். அதைத் தாண்டி விளிம்புக்குப் போனால் மறுபடி கொஞ்சம் வெளிறும், பக்கத்தில் இருக்கிற பொருளிலிருந்து திரும்பி அடிக்கிற வெளிச்சம் அது. இந்த மூன்றும் ஒரு விரல் அகலத்துக்குள் நடந்தால்தான் கண் இரும்பு என்று நம்பும். நீங்கள் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒழுங்காக ஏணி கட்டிக்கொண்டு போயிருப்பீர்கள், அதனால் துணி ஆகிவிட்டது.

கோட்டின் திசையும் முக்கியம். கோடு உடம்பைச் சுற்றிப் போகவேண்டும், மேலிருந்து கீழாக இறங்கக்கூடாது. மார்புக் கவசத்தின் நடுவில் ஒரு முகடு இருந்தால் அந்த இடத்தில் எல்லாக் கோடும் ஒன்றாகத் திசை மாறவேண்டும். தகடுக்கு மேல் தகடு ஏறுகிற இடத்தில், தோள்பட்டை, கைமூட்டு மாதிரி, மெல்லிய இரட்டைக் கோடு போட்டு நடுவில் வெள்ளை விட்டால் அந்த விளிம்பின் கனம் வந்துவிடும்.

முகத்துக்கு வேறு இலக்கணம். கன்னத்தின் நிழல் பக்கத்திலிருந்து நீளக் கோடு புறப்படும், வெளிச்சத்தை நெருங்க நெருங்கத் துண்டு துண்டாக உடையும், அப்புறம் புள்ளிகளாகும், அப்புறம் தாள். குறுக்குக் கோடுகளுக்கு நடுவில் விழும் சாய்சதுரக் கட்டத்துக்குள்ளும் ஒவ்வொரு புள்ளி வைப்பார்கள். தோலின் மென்மை எல்லாம் இந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. கவசத்துக்குப் போடுகிற தொடர்கோட்டைக் கன்னத்தின் மேல் ஓடவிட்டால் அந்த ஆளுக்கு இரும்பு முகம் வந்துவிடும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. தலை மாற்றாத படத்திலேயே முகமும் கவசமும் இரண்டு வேறு கோட்டு மொழிகள். அந்த இரண்டும் மோதிக்கொள்ளாமல் நடுவில் நிற்பது வெள்ளை லினன் காலர், அந்தக் காலத்து உருவப்படங்களில் பெரும்பாலும் அது கிட்டத்தட்ட வெறும் தாள்தான். தலையை மாற்றுகிறவனுக்கு இது பெரிய வசதி, தையலை அங்கே ஒளித்துவிடலாம். ஆனால் ஒன்றை ஒளிக்க முடியாது. செம்பு மென்மையான உலோகம், ஒவ்வொரு பிரதி எடுக்கும்போதும் மையைத் துடைத்து, அழுத்தி, தகடு தேய்ந்துகொண்டே வரும், நுண்ணிய கோடுதான் முதலில் போகும். பல பிரதி கண்ட உடம்பின்மேல் புதிதாக வெட்டிய தலை வந்து உட்கார்ந்தால், உடம்பு சாம்பல் பூத்திருக்கும், முகம் மட்டும் கூர்மையாக, கறுப்பாக நிற்கும். பெரிதாக்கும்போது உங்களுக்குத் தனித்தனியாகத் தெரிவதில் பாதி இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

வடக்குச்சாளரம் எழுதியது:

கோட்டைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சின்னதாகப் பார்த்தால் ஏன் உறுத்தவில்லை என்பதற்குக் கோடு பதில் சொல்லாது, அது முழுக்க வான் டைக்கின் வேலை.

மூல ஓவியத்தைப் போய்ப் பாருங்கள். கிட்டத்தட்ட 3.7 மீட்டர் உயரம். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் நீளமான ஒரு கூடத்தின் கோடியில் மாட்டியிருந்தார்கள், நடந்து வருகிறவனை நோக்கி ராஜா வளைவுக்குள்ளிருந்து குதிரையில் வருகிற மாதிரி. குதிரை பக்கவாட்டில் போகவில்லை, நேராக நம்மேல் வருகிறது, அதனால் அதன் நீளமெல்லாம் சுருங்கி, மார்பும் முன்னங்காலும் மட்டும் பெரிதாகி, கண்மட்டம் எங்கோ கீழே கிடக்கிறது. சார்லஸ் நிஜத்தில் குள்ளமான ஆள். ஓவியத்தில் அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். பக்கத்தில் நிற்பவர் குதிரைப் பயிற்சியாளர் செயின்ட் ஆன்ட்வான், அவரும் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு ராஜாவைத்தான் அண்ணாந்து பார்க்கிறார். குதிரையின் தலை, கழுத்து, சவாரி செய்பவனின் உடம்பு, ஆன்ட்வானின் பார்வை, வளைவின் தூண்கள் எல்லாமே ஒரே இடத்துக்குக் கண்ணைத் தள்ளுகின்றன. அந்த இடத்தில் ஒரு தலை இருக்கிறது. யார் தலை என்பது கம்போசிஷனுக்கு அவசியமே இல்லை! உச்சியில் எதை வைத்தாலும் அதற்கு மரியாதை போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள், முழுத் தாளில் அந்தத் தலை எவ்வளவு சின்னது. அதிகாரத்தைச் சொல்லும் வேலையைக் குதிரை, கோல், கவசம், பணியாள் எல்லோரும் பங்குபோட்டுச் செய்து முடித்தாயிற்று, முகத்துக்கு மிச்சம் இருப்பது பெயர் சொல்லும் வேலைதான். இதே காலத்தில் பாரிசில் ரொபேர் நான்ட்டேய் வெட்டிய படங்களை எடுத்துக்கொள்ளுங்கள், தளபதி தூரென் படம் மாதிரி. நீள்வட்டச் சட்டம், மார்பளவு உருவம், கவசம் கொஞ்சம், முகம்தான் எல்லாம். அங்கே தலையை எடுத்தால் படமே கிடையாது, வெறும் சட்டமும் ஒரு தோளும் மிஞ்சும். அதனால் கம்போசிஷனா கோடா என்று கேட்டால், தலையை மாற்ற முடியும் என்கிற துணிச்சலைக் கொடுத்தது கம்போசிஷன், மாற்றியதைக் காட்டிக்கொடுப்பது கோடு.

தும்பைப்பூ எழுதியது:

எல்லாரும் ரொம்ப ஆழமாகப் போகிறீர்கள். இது வியாபாரம் சார். அவ்வளவு பெரிய தகட்டில் குதிரையும் கவசமும் வெட்டி முடிக்க எத்தனை மாதம் போயிருக்கும், ஆட்சி மாறினால் தகட்டைத் தூக்கியா போடுவான்? நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடையில் ராஜா உடம்பு ஒன்றைக் கணினியில் சேமித்து வைத்துக்கொண்டு, யார் பிறந்தநாளோ அவர் தலையை ஒட்டிக் கொடுக்கிறார்களே, அதேதான். அங்கே யாரும் கோட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை.

கரிக்கோல் எழுதியது:

தும்பைப்பூ, சிரித்துவிட்டேன். ஆனால் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடுவார். இவர்கள் உலோகத்தில் எப்படி மாற்றினார்கள்? வெட்டிய பள்ளத்தை நிரப்பவா முடியும்? அப்புறம் அந்தத் தலையில்லாத பிரதி, அது ஏன் வெளியே வந்தது என்றும் யாராவது சொல்லுங்கள்.

பழையதாள் எழுதியது:

தும்பைப்பூ சொன்னது உண்மைதான், ஆனால் வியாபாரம் என்று சொல்லி முடித்துவிட்டால் சுவையான பகுதி போய்விடும்.

காலத்தை வரிசைப்படுத்திப் பாருங்கள். சார்லஸின் தலை விழுந்தது 1649 ஜனவரி 30. கிராம்வெல் 1653 டிசம்பரில் நாட்டுக்குக் காவலர் என்ற பட்டத்தோடு ஆட்சிக்கு வந்து, 1658 செப்டம்பரில் இறந்துபோனார். 1660ல் முடியாட்சி திரும்பியது. 1661 ஜனவரி 30, சார்லஸ் இறந்த அதே தேதியில், கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டுத் தலையை வெட்டினார்கள். அந்த ஊரில் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம் தலை என்பதே அரசியல். அந்த நிலையில் இந்தத் தகடு. முதலில் சார்லஸாக இருந்து கிராம்வெல் ஆனதா, கிராம்வெல்லாகத் தொடங்கிக் கடைசியில் சார்லஸ் ஆனதா என்பதில் வெகுகாலம் வாதம் நடந்து, 1922ல் இந்த ஒரு படத்தைப் பற்றியே லண்டனில் தனிப் புத்தகம் வந்தது. லொம்பார் லண்டனில் வேலை பார்த்தது பெரும்பாலும் 1650களில், அப்போது ராஜா உயிரோடு இல்லை, ராஜாவின் படத்துக்குக் கடை வாசலில் இடமும் இல்லை. எனவே கிராம்வெல் முன்னால் என்பதுதான் நியாயமாகப் படுகிறது.

கிராம்வெல்லுக்கு வான் டைக்கின் ராஜா உடம்பு எப்படிப் பொருந்தியது என்பதில் எனக்கு ஆச்சரியமே கிடையாது. அவரை வரைந்த ராபர்ட் வாக்கரும் வான் டைக்கின் நிற்கும் விதங்களைத்தான் எடுத்து எடுத்துப் பயன்படுத்தினார், பக்கத்தில் பையன் இடுப்புக் கச்சையைக் கட்டிவிடுகிற அந்த கிராம்வெல் படம் உட்பட. ராஜாவை ஒழித்தார்கள், ராஜா மாதிரி நிற்பதற்கு வேறு வழி யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு தகடும் இருக்கிறது, இதைவிடச் சுவையான கதை. வில்லியம் ஃபெய்தோர்ன். இவர் ராஜா தரப்பில் போரிட்ட ஆள், 1645ல் பேசிங் ஹவுஸ் கோட்டை விழுந்தபோது பிடிபட்டுச் சிறையிலிருந்து, அப்புறம் பிரான்சுக்கு நாடுகடத்தப்பட்டார். கோட்டையைத் தாக்கிப் பிடித்தது கிராம்வெல்லேதான். பாரிசில் நான்ட்டேயிடம் கற்றுக்கொண்டு திரும்பி வந்த அதே ஃபெய்தோர்ன், 1658ல் கிராம்வெல்லை முழுக் கவசத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவில் நிற்கவைத்து ஒரு பெரிய தகடு வெட்டினார். கையில் இருக்கிற வாள் மூன்று கிரீடங்களைக் கோத்து நிற்கிறது, காலடியில் பாம்பு. அந்தத் தகட்டிலும் பின்னால் தலை போனது, 1690 வாக்கில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியத்தின் தலை வந்தது. அதிலும் பாருங்கள், நடுவில் நேராக நிற்கும் உருவம், இருபுறமும் தூண், வடக்குச்சாளரம் சொன்ன அதே விஷயம்தான்: உச்சியில் யாரும் உட்காரலாம். ஆனால் லொம்பார் படம்போல அதில் அசைவு இல்லை, ஒவ்வொரு மூலையிலும் ஒரு குறியீடு திணித்து, படிக்கவேண்டிய படமாக்கிவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் மூச்சுமுட்டும்.

செம்புத்தகடு எழுதியது:

கரிக்கோல் கேட்டதற்கு. பள்ளத்தை நிரப்பமாட்டார்கள், சுற்றியுள்ள செம்பைக் கீழே கொண்டுவருவார்கள். மூன்று பட்டை வைத்த சுரண்டியால் அந்த இடத்தைக் கோடு மறையும் வரை சுரண்டுவது, அப்புறம் வழவழப்பான எஃகுக் கருவியால் எண்ணெய் விட்டுத் தேய்த்து மெருகேற்றுவது. இப்போது அங்கே ஒரு குழி விழுந்திருக்கும், அப்படியே விட்டால் அச்சில் மை தேங்கிக் கறையாகும். அதனால் கவைக்கோலால் (தகட்டின் இருபுறமும் ஒரே புள்ளியைத் தொடுகிற கவட்டைக் கருவி) பின்பக்கம் சரியாக அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தகட்டைக் கவிழ்த்து, பட்டறைக்கல் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டி மேலே எழுப்புவார்கள். ஆழமாக வெட்டிய கோட்டில் கொஞ்சம் தப்பித்து நிற்கும், பழைய தலையின் முடியோ பின்னணிக் கோடோ மங்கலாகத் தெரிந்தால் அதுதான்.

தலையைச் சுற்றி உள்ள பின்னணிதான் உண்மையில் கஷ்டம், முகம் கூட இல்லை. வானத்துக்கோ சுவருக்கோ போடுகிற இணைகோடுகள் பழைய தலையின் விளிம்பில் நின்றிருக்கும். புதுத் தலைக்கு முடி குறைவென்றால் அந்த இடைவெளியில் கோட்டை நீட்டவேண்டும், அதே இடைவெளி, அதே தடிப்பு, அதே கோணத்தில். ஒரு மயிரளவு தப்பினாலும் தலையைச் சுற்றி ஒரு வளையம் விழுந்துவிடும். தலை மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, காதுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்னணியைப் பார்ப்பேன்.

தலையில்லாத பிரதியைப் பற்றி. பட்டறையில் முகத்தைக் கடைசிக்கு வைப்பது வழக்கமான வேலை முறைதான். துணி, கவசம், பின்னணி எல்லாம் உதவியாளர்கள் வெட்டலாம், முகம் மட்டும் தலைவருடைய வேலை. நடுநடுவே சோதனைப் பிரதி எடுத்துப் பார்ப்பார்கள். எனவே முகமில்லாத பிரதியைப் பார்த்து உடனே சதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கு நேர் எதிரானது வான் டைக்கே எட்சிங்கில் (அமிலத்தால் தகட்டை அரித்துக் கோடு எடுக்கிற முறை) போட்ட தன் உருவப்படம். தலையை மட்டும் போட்டுவிட்டு உடம்பே இல்லாமல் தாளை வெள்ளையாக விட்டுவிட்டார். பின்னால் ஜேக்கப் நீஃப்ஸ் என்பவர் அதே தகட்டில் கழுத்துக்குக் கீழே சிலை பீடம் ஒன்றை வெட்டி, வான் டைக் உருவப்படங்களின் 1645 தொகுப்புக்கு முகப்புப் படமாக்கினார். ஓவியனுக்குத் தலை போதும், தளபதிக்கு உடம்பு போதும் என்று அந்தக் காலத்துக் கடைக்காரன் நினைத்திருப்பான் போல.

வடக்குச்சாளரம் எழுதியது:

நீஃப்ஸ் வேலையைச் செய்யாமலே இருந்திருக்கலாம். அந்த வெற்றுத்தாள் மேல் திரும்பிப் பார்க்கிற தலையின் வேகம் முழுக்கப் பீடத்தில் போய்ச் செத்துவிட்டது.

தும்பைப்பூ எழுதியது:

சரி, லூயி தலைக்கு என்ன பதில்? 1638ல் பிறந்தவர், இந்தத் தகடு வந்த சமயத்தில் இருபதை எட்டாத பையன். கிராம்வெல் ஐம்பது தாண்டிய ஆள். ஒரே தோள், ஒரே இடுப்பு, ஒரே உட்காரும் விதம். அது கூடவா உறுத்தவில்லை?

வடக்குச்சாளரம் எழுதியது:

அதைத்தான் கவசம் சாத்தியமாக்குகிறது. துணி போட்ட உடம்புக்கு வயது தெரியும், தொந்தி தெரியும், கூன் தெரியும். எஃகு போட்ட உடம்புக்கு எதுவும் தெரியாது. இவ்வளவுக்கும் அந்தக் காலத்தில் போர்க்களத்தில் முழுக் கவசம் கிட்டத்தட்டப் போயே போய்விட்டது, துப்பாக்கிக் குண்டுக்கு அது தாங்காது, தாங்கும்படி செய்தால் கனம் தாங்காது. குதிரைப்படையில் பலரும் தடித்த தோல் சட்டையும், மேலே ஒரு மார்புத் தகடும், தலைக்கு ஒரு இரும்புத் தொப்பியும் போட்டுத்தான் சண்டையிட்டார்கள். படத்தில் மட்டும் தலைமுதல் கால்வரை இரும்பு நீடித்தது, அதற்குக் காரணம் தேடினால் தும்பைப்பூவின் கேள்வியிலேயே ஒன்று இருக்கிறது.

கரிக்கோல் எழுதியது:

அப்படியானால் நான் முகத்தை விட்டுவிட்டுக் கவசத்தை மட்டும் தனியாக வரைந்து பழகுகிறேன். செம்புத்தகடு, ஒரே ஒரு கேள்வி, சாதாரண ஜெல் பேனாவில் இந்தத் தடிப்பும் மெலிவும் வரவே வராது, இல்லையா?

செம்புத்தகடு எழுதியது:

வராது. ஜெல் பேனாவில் எல்லாக் கோடும் ஒரே தடிமன். மையில் தோய்த்து எழுதுகிற கூர்நிப் வாங்குங்கள், அழுத்தினால் பிளந்து விரிகிற வகை. தாள் வழவழப்பாக இருக்கட்டும், சொரசொரப்பான தாளில் நிப் மாட்டிக்கொள்ளும். தாளை மேஜையில் ஒட்டிவிடாமல், கோடு வளையும்போது இடது கையால் தாளைத் திருப்பிப் பழகுங்கள். முதலில் தோள்பட்டைத் தகடு ஒன்றை மட்டும் எடுத்து உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வரையுங்கள். வெள்ளை விடவேண்டிய இடத்தைப் பென்சிலில் கோடுபோட்டு அடைத்துவிட்டு, அதற்கு ஒட்டிய கறுப்பை முதலில் போட்டு முடியுங்கள், மீதியெல்லாம் அப்புறம். வரைந்ததை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.